கம்பு இல்லை, மெஷின் இல்லை: 100 கிலோ மீனை வெறும் கையால் இழுப்பது எப்படி?

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பால் டின் தூண்டிலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. காலியான கெட்டிப்பால் டின், அதில் சுற்றிய தங்சி, நுனியில் ஒரு முள், முள்ளுக்குச் சற்று மேலே சின்ன ஈயக்குண்டு. அவ்வளவுதான் சாமான். மண்புழுவைக் கோர்த்து ஈயக்குட்டையிலோ தோட்டத்து ஆற்றிலோ வீசினால் கெளுத்தி மாட்டும், அதிர்ஷ்டம் இருந்தால் விரால் மாட்டும். டின்னின் அடிப்பக்கத்தைத் தண்ணீரை நோக்கிப் பிடித்துக்கொண்டு வீசும்போது தங்சி அதன் விளிம்பிலிருந்து சுருள் சுருளாகக் கழன்று ஓடும். இன்று கடையில் பல நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கும் மெஷினிலும் நரம்பு அதே மாதிரிதான் கழல்கிறது. டின்னுக்குக் கைப்பிடி கிடையாது, அதுதான் வித்தியாசம்.

இந்தப் பால் டின் தூண்டிலை ஏதோ சிறுவர் விளையாட்டு, கம்பு வாங்க வசதியில்லாதவர்களின் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் உலகின் மிகப் பெரிய மீன்களில் சிலவற்றை இன்றைக்கும் இதே முறையில்தான் பிடிக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் ஜெனரல் சந்தோஸ், மாலத்தீவு, ஹவாயின் ஹீலோ, நம் சபாவின் செம்போர்னா என்று பல இடங்களில் கைத்தூண்டில் ஒரு முழுநேரத் தொழில். அங்கே கயிற்றின் மறுமுனையில் இருப்பது 30, 50, சில நாள் 100 கிலோ எடையுள்ள மஞ்சள் துடுப்புச் சூரை. சந்தையில் நாம் டூனா என்று சொல்வது இந்த இனத்தையும் சேர்த்துத்தான். நன்றாக வளர்ந்தால் 200 கிலோவை நெருங்கும்.

60 கிலோ மனிதர் ஒருவர், தன்னைவிடக் கனமான மீனை, அதுவும் கடலுக்குள் அதன் சொந்த இடத்தில் இருக்கும் மீனை, வெறும் கையால் எப்படி மேலே கொண்டுவருகிறார்?

கம்பு யாருக்கு உதவுகிறது?

கம்பு இருந்தால் இழுப்பது சுலபம் என்பது பொதுவான எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை தலைகீழாக இருக்கிறது. 2 மீட்டர் நீளக் கம்பின் அடியை இடுப்பில் ஊன்றி, அரை மீட்டர் தள்ளி முன்கையால் பிடித்திருக்கிறீர்கள். மீன் நுனியைக் குறுக்காக 10 கிலோ எடைக்கு நிகராக இழுக்கிறது என்றால், உங்கள் முன்கை 40 கிலோவைத் தாங்கியாக வேண்டும். கம்பு நீளமாக நீளமாக நெம்புகோலின் ஆதாயம் மீனுக்குப் போகிறது. பெரிய மீனோடு போராடும்போது முதுகு ஒடிவதுபோல் வலிப்பது இதனால்தான்.

கைக்கயிற்றில் இந்தத் தொல்லை இல்லை. மீன் 10 கிலோ இழுத்தால் கைக்கு வருவதும் 10 கிலோதான். கால்களை ஊன்றி, முதுகைச் சாய்த்து, உடம்பின் முழு எடையையும் நேராக மீன்மேல் போடலாம்.

அப்படியானால் கம்பு எதற்கு? வளைந்து கொடுப்பதற்கு. மீன் திடீரென்று உதறும்போது கம்பு வளைந்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. மெஷினில் இருக்கும் தடுப்பு, அளவுக்கு மீறி இழுத்தால் நரம்பைத் தானாக விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் கம்பு வைத்திருப்பவர் மெல்லிய நரம்பிலும் பெரிய மீனைப் பிடிக்க முடிகிறது. கைத்தூண்டிலில் இந்த இரண்டு வேலைகளையும் வேறு ஏதாவது செய்தாக வேண்டும். முதல் ஆள் மனிதனின் கைதான். இரண்டாவது, நீண்ட நைலான் நரம்புக்கே உள்ள இழுபடும் தன்மை. மூன்றாவது, பலர் யோசிக்காத ஒன்று: படகு. சின்னப் படகு மிதந்துகொண்டிருக்கிறது, கட்டிப்போடப்படவில்லை. மீன் ஓடினால் படகும் பின்னாலேயே போகும். மீன் இழுப்பது மனிதனை மட்டுமல்ல, மனிதன், படகு, படகைச் சுற்றியுள்ள தண்ணீர் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான். கைத்தூண்டில் மீனவர்கள் பெரிய படகில் சென்றாலும் மீன்பிடிக்கும் நேரத்தில் சிறு ஓடத்தில் இறங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டாதே, விட்டுக்கொடு

ஹெமிங்வேயின் கடலும் கிழவனும் கதையைப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். 1952-இல் வெளிவந்த அந்தக் கதையில், 84 நாள் மீனே கிடைக்காத கியூபா நாட்டுக் கிழவர் சந்தியாகோ, ஏறக்குறைய 100 பாகம் ஆழத்தில் ஒரு மார்லினை மாட்டுகிறார். ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். மலாய்க்காரர்கள் டெப்பா என்பார்கள். மீன் படகை இழுத்துக்கொண்டு இரண்டு இரவும் மூன்று பகலும் போகிறது. கிழவர் கயிற்றை முதுகில் போட்டுத் தாங்கிக்கொண்டே இருக்கிறார். கை மரத்துப்போகிறது, உள்ளங்கை கிழிகிறது. சந்தேகம் இதுதான்: இவ்வளவு பாடுபடுவதற்குப் பேசாமல் கயிற்றைப் படகில் கட்டிவிட்டுப் படுத்துவிடலாமே?

கட்டினால் அறுந்துவிடும். இது அந்தக் கிழவருக்கும் தெரியும், எந்தக் கைத்தூண்டில்காரருக்கும் தெரியும். ஒரு கயிறு மெதுவாக ஏறும் பாரத்தைத் தாங்கும் அளவுக்குத் திடீர் உதறலைத் தாங்காது. கட்டிய கயிற்றுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது, மனிதக் கைக்குத் தெரியும். மீன் பாயும்போது விடுவது, நிற்கும்போது எடுப்பது, திரும்பும்போது வேகமாகச் சுருட்டுவது ஆகிய மூன்றையும் கயிற்றில் வரும் துடிப்பை வைத்தே முடிவு செய்கிறார்கள். தலையை ஆட்டும் மீனும், நேராகக் கீழே இறங்கும் மீனும், வட்டமிடும் மீனும் கைக்குத் தரும் செய்தி வேறு வேறு.

கதை முழுக்கக் கற்பனையும் அல்ல. 1936-இல் அமெரிக்காவின் எஸ்குயர் இதழில் ஹெமிங்வே எழுதிய ஒரு கட்டுரையில், தனியாகக் கடலுக்குப் போன கியூபா முதியவர் ஒருவரைப் பெரிய மார்லின் வெகுதூரம் இழுத்துப்போனதும், சுறாக்கள் மீனைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டதும், மற்ற மீனவர்கள் அவரைக் கண்டுபிடித்தபோது அவர் அழுதுகொண்டிருந்ததும் சில வரிகளில் வருகின்றன. 16 வருடம் கழித்து அந்தச் சில வரிகள் புத்தகமாயின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹெமிங்வே தானே கம்பும் மெஷினும் வைத்து மீன் பிடித்தவர். 1939-இல் தொடங்கிய அனைத்துலக விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கத்தில் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார். அந்தச் சங்கத்தின் விதிப்படி கம்பும் மெஷினும் இல்லாமல் பிடித்த மீன் சாதனைப் பட்டியலில் சேராது. 1953-இல் பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கறுப்பு மார்லின் 1,560 பவுண்டு, அதாவது 700 கிலோவுக்கும் மேல். அது கம்பில் பிடித்ததால் பதிவானது. ஜெனரல் சந்தோஸ் மீனவர் எத்தனை பெரிய மீனைக் கையால் இழுத்தாலும் அவர் பெயர் அதில் வராது. அவருக்கு அதைப் பற்றிக் கவலையும் இருக்காது. எடைத் தராசில் எண் சரியாக வந்தால் போதும்.

கல்லைக் கட்டி இறக்கும் வித்தை

சாமான்களைப் பார்ப்போம். நரம்பு தடிமனாக இருக்க வேண்டும், அறுந்துவிடும் என்பதற்காக மட்டுமல்ல. மெல்லிய நரம்பைக் கையால் பிடிக்கவே முடியாது. அது கத்தி மாதிரி வெட்டும். 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் நரம்பு ஏறக்குறைய 100 கிலோவைத் தாங்கும், கைக்கும் பிடி கிடைக்கும். பெரிய மீனுக்குப் போகிறவர்கள் அந்த அளவிலோ அதைவிடத் தடிமனாகவோ முதன்மை நரம்பு வைத்துக்கொள்கிறார்கள். முள்ளுக்கு அருகே உள்ள கடைசிச் சில பாகம் மட்டும் சற்று மெல்லியதாக, கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் இருக்கும். சூரைக்குக் கண் கூர்மை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிலிக்கிலி போட்டால் முறுக்கு விழாது.

முள்ளில் இப்போது பலரும் விரும்புவது வட்ட முள். நுனி உள்நோக்கி வளைந்திருக்கும். மீன் இரையை விழுங்கிவிட்டுத் திரும்பும்போது அது வயிற்றில் குத்தாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். இதில் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். மீன் கடித்தவுடன் வெடுக்கென்று இழுக்கும் நம் கைப்பழக்கம் இந்த முள்ளுக்கு ஆகாது. மெதுவாகக் கயிறு இறுகவிட்டால் போதும், மீனே தன்னை மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஆழம். பகலில் பெரிய சூரை மேற்பரப்பில் அதிகம் இருப்பதில்லை. 100 மீட்டர், 150 மீட்டர் கீழே குளிர்ந்த தண்ணீரில் இருக்கும். அவ்வளவு ஆழத்துக்கு இரையை எப்படிக் கொண்டுபோவது? நிறைய ஈயம் கட்டினால் போகும், ஆனால் மீன் மாட்டியபின் அந்த ஈயம் கயிற்றில் தொங்கி ஆடும், முள் கழன்றுவிடும். பாலினேசியத் தீவுக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கைக்கு அடக்கமான தட்டைக் கல் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அதன்மேல் இரை கோர்த்த முள்ளை வைத்து, கூடவே பொடியாக நறுக்கிய மீன் துண்டுகளையும் வைத்து, இலையிலோ துணியிலோ பொதிந்து, தூண்டில் நரம்பாலேயே பல சுற்றுச் சுற்றுகிறார்கள். கடைசியில் உருவு முடிச்சு ஒன்று. பொட்டலம் கல்லின் கனத்தில் நேராக இறங்குகிறது. வேண்டிய ஆழம் வந்ததும் மேலிருந்து ஒரு வெட்டு வெட்டினால் முடிச்சு அவிழ்கிறது, கல் விழுந்துவிடுகிறது, மீன் துண்டுகள் மேகம்போல் பரவுகின்றன. அந்த மேகத்தின் நடுவில் நம் இரை, எந்தக் கனமும் இல்லாமல், மற்றத் துண்டுகளைப் போலவே மிதக்கிறது. ஹவாயில் இதற்குப் பாலு ஆஹி என்று பெயர். பாலு என்றால் தூவும் இரை, ஆஹி என்றால் சூரை. பிலிப்பைன்ஸ் மீனவர்களிடமும் கல்லைக் கட்டி இறக்கும் இதே உத்தி இருக்கிறது. ஈயம் வாங்கக் காசு வேண்டாம், கடற்கரைக் கல் போதும்.

இரவு மீன்பிடிப்பு வேறு கதை. ஹவாயின் ஹீலோ பக்கம் ஜப்பானிய வம்சாவளி மீனவர்கள் விளக்கு வைத்துக் கணவாய் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாம் சோத்தோங் என்கிறோமே, அதுதான். கணவாயைத் தின்னப் பெரிய சூரை விளக்கு வெளிச்சத்துக்கே வர ஆரம்பித்தது. கணவாயைவிடச் சூரைக்கு விலை அதிகம். கொஞ்சம் கொஞ்சமாகக் கணவாய் இரையாகிவிட்டது, சூரை தொழிலாகிவிட்டது. இக்கா ஷிபி என்ற அதன் பெயரில் இன்னமும் இரண்டும் இருக்கின்றன: இக்கா கணவாய், ஷிபி சூரை. படகு காற்றில் அடித்துக்கொண்டு போகாமலிருக்கத் தண்ணீருக்குள் பாரசூட் போன்ற ஒரு துணியை விரித்துவிடுகிறார்கள். படகு மெதுவாக நகரும், கயிறு செங்குத்தாக நிற்கும்.

மாலத்தீவில் இன்னொரு விதம். நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசி அங்கே சின்னச் சூரையைக் காயவைத்துச் செய்வது; அந்தச் சின்ன மீனை அவர்கள் காலங்காலமாகக் கம்பில் பிடித்து வருகிறார்கள். பெரிய மஞ்சள் துடுப்புச் சூரைக்குக் கைத்தூண்டில். டால்பின் கூட்டம் தெரிந்தால் படகை அதை நோக்கி விரட்டுவார்கள். டால்பினுக்கு அடியில் சூரை இருக்கும்.

ஊஞ்சாமும் பயாவும்

நம் கிழக்குக்கரை மலாய் மீனவர்கள் தென்னை ஓலைகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் நிறுத்தும் ஊஞ்சாம் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஓலை நிழலில் சிறு மீன் கூடும், சிறு மீனைத் தேடிப் பெரிய மீன் வரும். தண்ணீருக்குள் இறங்கி மீன் கூட்டத்தின் சத்தத்தைக் காதால் கேட்டு இனத்தைச் சொல்லும் ஜூரு செலாம் என்ற நிபுணர்கள் அந்தக் கரையில் இருந்தார்கள். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

ஊஞ்சாமின் அண்ணன்தான் பிலிப்பைன்ஸின் பயாவ். மிதவை ஒன்று, அதன் கீழே ஓலைகள், அடியில் பெரிய நங்கூரம். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள இடத்தில்கூடப் போடுகிறார்கள். ஜெனரல் சந்தோஸிலிருந்து இருபுறமும் மூங்கில் கைகள் நீண்ட தாய்ப்படகு ஒன்று புறப்படும். அதன்மேல் பக்குரா எனப்படும் சிறு ஓடங்கள் அடுக்கப்பட்டிருக்கும். பயாவை அடைந்ததும் ஓடத்துக்கு ஓர் ஆள் வீதம் இறக்கிவிடுவார்கள். கயிறு, கல், இரை, விளக்கு, கொஞ்சம் சாப்பாடு, ஓர் ஆள். இரவெல்லாம் அந்த ஓடத்தில்தான். இப்படி ஒரு பயணத்துக்கு வாரக்கணக்கில் ஆகும்.

கூலி கிடையாது, பங்குதான். எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் படகு முதலாளியும் மீனவர்களும் பிரித்துக்கொள்வார்கள். மீன் இல்லாவிட்டால் மீனவர் வெறுங்கையோடு, சில சமயம் முன்பணக் கடனோடு வீடு திரும்புவார். பயாவைச் சுற்றிப் பெரிய வலைக் கப்பல்கள் வளைக்கும்போது குட்டிச் சூரையும் அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. பெரிய மீனைத் தேடி ஓடக்காரர் இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது. கைத்தூண்டிலைக் கடலுக்குக் கெடுதல் இல்லாத முறை என்று வெளிநாட்டு வியாபாரிகள் பாராட்டுவது சரிதான், ஒரு முள்ளுக்கு ஒரு மீன், அதுவும் பெரும்பாலும் முட்டையிட்டு முடித்த வயதான மீன். அந்தப் பாராட்டில் எவ்வளவு ரிங்கிட் ஓடத்தில் உட்கார்ந்திருப்பவர் கைக்குப் போகிறது என்பது வேறு கேள்வி.

மீன் மாட்டிய பிறகு

முதல் பாய்ச்சலில் யாரும் மீனை நிறுத்த முயல மாட்டார்கள். 100 மீட்டர் கயிறு ஒரே மூச்சில் போகலாம். கையில் தடித்த உறையோ, பழைய டயர் டியூபிலிருந்து வெட்டிய ரப்பரோ இருக்கும். விரல்களுக்கு நடுவே கயிறு உரசிக்கொண்டு ஓடும், அந்த உரசலே தடுப்பு. பாய்ச்சல் முடிந்ததும் மீன் கீழே வட்டமிட ஆரம்பிக்கும். இந்த வட்டத்தில்தான் வேலை இருக்கிறது. வட்டத்தின் ஒரு பாதியில் மீனின் தலை படகைவிட்டு விலகிப் போகும். அப்போது இழுத்தால் வீண். மறு பாதியில் தலை படகை நோக்கித் திரும்பும். அப்போது இரண்டு பாகம், மூன்று பாகம் எடுத்துவிடலாம். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ உடம்பும் அந்தப் பக்கம்தான் போகும், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போலத்தான். அனுபவசாலிகள் பலத்தைச் செலவழிப்பதைவிடத் தருணத்துக்குக் காத்திருப்பது அதிகம்.

ஆபத்து எங்கே என்றால், மீனிடம் இல்லை, கயிற்றில்தான். பிடி கிடைக்கவில்லை என்று கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வது மனிதர்களுக்கு இயல்பாக வரும். அது ஒரே ஒரு முறைதான் வர வேண்டும். மீன் அந்த நொடியில் பாய்ந்தால் கயிறு இறுகும், கை விடாது. விரல் போகும், அல்லது ஆளே படகைவிட்டுப் போய்விடுவார். அதேபோல் இழுத்த கயிறு காலடியில் குவிந்து கிடக்கும். அந்தச் சுருளுக்குள் கால் இருந்தால், மறுபடி மீன் பாயும்போது சுருக்கு விழும். தொழில்முறை மீனவர்கள் இழுத்த கயிற்றைக் கூடையிலோ வாளியிலோ போடுவார்கள், கைக்கெட்டும் இடத்தில் கத்தி வைத்திருப்பார்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இழுக்க, மற்றவருக்குக் கயிற்றைக் கவனிப்பதுதான் வேலை.

எங்கள் உறவினர் ஒருவருக்கு வலது சுட்டுவிரல் பாதிதான் இருக்கிறது. கோலச் சிலாங்கூர் பக்கம் படகிலிருந்து கைத்தூண்டிலில் திருக்கை பிடித்தபோது நடந்தது. 20 கிலோவுக்குள்தான் இருக்கும் என்பார். 100 கிலோ மீன் வேண்டியதில்லை.

எரிந்துபோன இறைச்சி

மீன் படகுக்கு வந்தபின்தான் பாதி வேலை. பெரும்பாலான மீன்களின் உடம்பு கடல் தண்ணீரின் வெப்பத்திலேயே இருக்கும். சூரை அப்படி அல்ல, அதன் தசை சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். வெகுநேரம் போராடினால் சூடு இன்னும் ஏறும், தசையில் அமிலம் சேரும். இறைச்சி வெளிறி, ஈரம் கசிந்து, வெந்ததுபோல் ஆகிவிடும். ஹவாய், ஜப்பான் வியாபாரிகள் இதை எரிந்த சூரை என்கிறார்கள். பச்சையாகச் சாப்பிடும் சந்தையில் அதற்கு நல்ல விலை கிடையாது. கைத்தூண்டில் மீனில் இந்தக் குறை அதிகம் வருவதால், படகுக்கு வந்த உடனேயே மூளையில் குத்திக் கொன்று, தண்டுவடத்துக்குள் கம்பியோ தடித்த நரம்போ செலுத்தி, இரத்தத்தை வடித்து, குடலை நீக்கி, ஐஸும் தண்ணீரும் கலந்த தொட்டியில் போடுகிறார்கள். கேட்கக் கொடூரமாக இருந்தாலும், நேரம் தாழ்த்தி மீனைத் துடிக்கவிடுவதைவிட இது மேல்.

விலை எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜப்பானின் ஓமா ஊர்க் கடலில் பிடிபட்ட 278 கிலோ நீலத்துடுப்புச் சூரை ஒன்று, 2019 ஜனவரியில் தோக்கியோவின் தோயோசு சந்தைப் புத்தாண்டு ஏலத்தில் 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. விளம்பரத்துக்காகக் கொடுக்கும் புத்தாண்டு விலை அது, அன்றாட விலையல்ல. ஆனாலும் ஓமாவில் இன்றும் கைக்கயிற்றோடு காத்திருக்கும் மீனவர்கள் உண்டு.

நம் சமையலறைக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. சூரை, தெங்கிரி, கெம்போங் போன்ற மீன்களைப் பிடித்தபின் ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் இறைச்சியில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு, வாயில் எரிச்சல் எல்லாம் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே வரும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அது கெட்டுப்போன மீன், பார்த்தால் தெரியாது. புளி ஊற்றிக் கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும் ஹிஸ்டமின் போகாது. மூச்சுத் திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வார இறுதியில் படகெடுத்துப் போகிறவர்கள் பியர் பெட்டிக்கு ஐஸ் வாங்கும்போது மீனுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

நம் கடலில்

மலாக்கா நீரிணையில் 100 கிலோ சூரையை எதிர்பார்த்துப் போக வேண்டாம், அந்த ஆழம் இங்கே இல்லை. ஆனால் படகிலிருந்தும் கேலோங்கிலிருந்தும் கைத்தூண்டிலில் கெராப்பு, ஜெனாஹாக், பாரி எல்லாம் கிடைக்கும். இவற்றுக்கு 100 பாகக் கயிறு தேவையில்லை. கெராப்பு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: சூரைக்குச் செய்வதுபோல் விட்டுக்கொடுத்தால் நேராகப் பாறைப் பொந்துக்குள் போய் செவுளை விரித்து உட்கார்ந்துகொள்ளும். அதை முதல் நொடியிலேயே இரண்டு மூன்று பாகம் தூக்கிவிட வேண்டும். பாரி வந்தால் வாலில் உள்ள முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள், படகுக்குள் போடுமுன் தெக்கோங்கிடம் விட்டுவிடுவது நல்லது.

கிழக்குக்கரையில் ரொம்பின் மயில் மீனுக்குப் பெயர் போனது. முதுகுத் துடுப்பை விரித்தால் பாய்மரம் மாதிரி இருக்கும், அதனால்தான் மலாயில் லாயாரான். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்று பல புத்தகங்களில் இருக்கிறது. 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று, அதன் தசையை வைத்துக் கணக்கிட்டதில் உச்ச வேகம் 30 கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. அந்த வேகத்துக்கே கை தாங்காது. அங்கே பெரும்பாலோர் கம்பில் பிடித்துவிட்டுத் திரும்பக் கடலில் விடுவதால், மயில் மீனைக் கைக்கயிற்றில் முயல வேண்டாம். கயிறு உடம்பில் சுற்றிக் காயப்பட்டால் விட்டாலும் பிழைக்காது.

தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற கடல் பூங்காத் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கத் தடை. கைத்தூண்டிலும் மீன்பிடிப்புத்தான், சின்னச் சாமான் என்று விட்டுவிட மாட்டார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக்கரைக் கடல் கொந்தளிக்கும், அந்த மாதங்களில் போகாதீர்கள். மிதவை உடுப்பைப் படகில் வைத்திருந்தால் போதாது, போட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். பிறகு கடைசி ஐந்தாறு பாகத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்காவது சொரசொரப்புத் தட்டினால் அந்த இடத்துக்கு மேலே வெட்டி எறிந்துவிட்டு, முள்ளைப் புதிதாகக் கட்டுங்கள். வெட்டியதைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், ஆற்றில் அல்ல.